வண்டியை உயர்த்தினால் ஷாக் எவ்வளவு நீளம் வேண்டும்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாருதி ஜிம்னி ஜீப்புக்கு 2 அங்குலம் உயரம் கூடுதலாகத் தரும் ஸ்பிரிங் போட்டேன். ஷாக் அப்சார்பர் பழையதேதான். இப்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம். நீளமான ஷாக் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு நீளம் என்றால் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள்."

நல்ல கேள்வி. ஒரு இன்ச் டேப்பும் ஐந்தாம் வகுப்புக் கணக்கும் இருந்தால் விடை கிடைத்துவிடும்.

வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதிக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுக்குகிறது, ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறுகிறது. கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அதனால் நீளமான ஷாக் வாங்கினால் வண்டி உயரும் என்று நினைக்க வேண்டாம். உயரம் ஸ்பிரிங்கின் வேலை.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே விறைப்பான தண்டு. புது ஸ்பிரிங் வந்ததும் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஆக்சிலை விட்டு 5 செ.மீ. மேலே போய்விட்டது. வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் அந்த 5 செ.மீ. இழுபட்டு நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மிச்சமிருக்கும் கொஞ்ச தூரமும் தீர்ந்து, பிஸ்டன் உள்ளேயே மேல்முட்டில் போய் இடிக்கிறது. வாசகருக்குக் கேட்கும் 'டக்' பெரும்பாலும் இதுதான். ஆக்சிலின் எடை முழுவதும் அந்த முட்டில் தொங்குவதால், நாளடைவில் சீல் கசியும், ஷாக்கை மாட்டும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் கிழியும்.

சரி, நீளமானதைப் போட்டுவிடலாமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முழுக்க அழுத்தினால் குழாயின் நீளம்தான் இருக்கும். முழுக்க இழுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராடு (பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி) வெளியே வர வேண்டுமானால் முதலில் அது உள்ளே போய் ஒளிய இடம் வேண்டும். அதாவது ஷாக்கின் ஓட்டத்தை (ராடு உள்ளே வெளியே போய்வரும் தூரத்தை) 1 செ.மீ. கூட்டினால், விரிந்த நீளம் 2 செ.மீ. கூடும், சுருங்கிய நீளமும் 1 செ.மீ. கூடும். விரிவதை மட்டும் கூட்டவே முடியாது!

எண்களைப் போட்டுப் பார்ப்போம் (கணக்குக்காக எடுத்தவை, எந்த வண்டியின் அளவும் அல்ல, ஷாக் நேராக நிற்பதாக வைத்துக்கொள்வோம்). பழைய ஷாக் சுருங்கினால் 33 செ.மீ., விரிந்தால் 53, வண்டி நிற்கும்போது 43. ஆக்சில் மேலேறி சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை (பம்ப் ஸ்டாப், bump stop), ஷாக் 34.5 ஆகச் சுருங்கும்போது முட்டி ஆக்சிலைத் தடுக்கிறது. வண்டியை 5 செ.மீ. உயர்த்தியதும் ஷாக் 48-இல் நிற்கும். கீழிறங்க முன்போலவே 10 செ.மீ. வேண்டுமென்றால் 58 வரை விரிகிற ஷாக் தேவை. அதன் சுருங்கிய நீளம் 35.5 ஆகிவிடும். ரப்பரோ இன்னும் 34.5-இல்தான் முட்டும். பெரிய கல்லில் ஏறும்போது ரப்பருக்கு 1 செ.மீ. முன்பே ஷாக் அடித்தட்டிவிடும். வண்டி வாங்கும் இடி முழுவதும் விரல் பருமனுள்ள ராடில் இறங்கும். ராடு வளையும், இல்லையென்றால் மேலே மாட்டியிருக்கும் பிராக்கெட் பிய்யும்.

ஆகவே சுருங்கிய நீளம் கூடிய அதே 2.5 செ.மீ. அளவுக்கு அந்த ரப்பரையும் கீழே இறக்க வேண்டும். சக்கரம் மேலேறும் தூரம் குறைந்துவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். குறையாது. முன்பு 43-இலிருந்து 34.5 வரை, 8.5 செ.மீ.; இப்போது 48-இலிருந்து 37 வரை, 11 செ.மீ. இந்தக் கணக்கை முதன்முதலாகத் தாளில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஷாக்கின் வகையும் இதில் சேர்த்தி. 1950களில் பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் எண்ணெய் நுரைக்காமலிருக்க ஒரே குழாயில் எண்ணெயையும் அழுத்தமான வாயுவையும் பிரித்து வைத்தார். அருமையான யோசனை. ஆனால் வாயு அறை குழாயின் நீளத்தைத் தின்கிறது. அதே ஓட்டத்துக்கு இந்த ஒற்றைக் குழாய் ஷாக் (மோனோட்யூப்), குழாய்க்குள் குழாய் வைத்த ட்வின்ட்யூபை விட நீளமாகும். வாயுவைத் தனிப் புட்டியில் வைத்துப் பக்கத்தில் மாட்டுவது இதனால்தான்.

ஷாக்கை வாங்கும் முன் அளந்துவிடுங்கள். பழைய ஷாக்கைக் கழற்றி, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியில் மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு நழுவுகிறதா என்று பாருங்கள். எது முதலில் வருகிறதோ அங்கேயே நிறுத்தி, போல்ட்டுக்குப் போல்ட் அளவெடுங்கள். அதற்கு மேல் விரியும் ஷாக் ஆபத்து. அப்புறம் ஆக்சிலை ரப்பர் நன்றாக நசுங்கும்வரை ஏற்றி அளவெடுங்கள். ஷாக் அதைவிட 1 செ.மீ. ஆவது சுருங்க வேண்டும்.

கடைக்காரர்கள் ஷாக்கின் நீளத்தைச் சொல்வார்கள். பிஸ்டன் எந்த வேகத்தில் நகரும்போது ஷாக் எவ்வளவு விசை தருகிறது என்ற வரைபடத்தைக் கேட்டால் கிடைப்பது அரிது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மக்கள் பணத்தில் கட்டிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சந்தையில் விற்கும் ஷாக்குகளை அங்கே சோதித்து, முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றங்கள் செய்யக் கட்டுப்பாடு விதிக்கிறது. செலவழிக்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புது ஷாக்கில் ராடு வெளியே தெரிந்தால், அதன் அடியில், சீலை ஒட்டி, ஒரு கேபிள் டையைச் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது அது ராடின் உச்சிக்கு ஒரு விரல்கடை கீழே நின்றால், அடியை ரப்பர் வாங்கிக்கொண்டது. உச்சியில் நசுங்கிக் கிடந்தால் ரப்பரை இன்னும் இறக்குங்கள்.