டை கிராக்: அச்சில் வெடிப்பு, காசில் தழும்பு

ஹட்டனில் தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒரு 2 சதக் காசைக் கொண்டுவந்து காட்டினான். 1944ஆம் ஆண்டுக் காசு. பித்தளை நிறம், பூவிதழ் போல வளைந்த ஓரம். அவனுடைய அப்பாயி லயத்து வீட்டில் தகரப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்ததாம். "மாமா, இதுல டை கிராக் இருக்கு" என்றான். கூட வந்திருந்த அப்பாயி, "தலைக்குப் பூசுற டையா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நமக்கு டை என்றால் கழுத்தில் கட்டுவது, இல்லாவிட்டால் நரைக்குப் பூசுவது. காசு சேர்ப்பவர்கள் சொல்வது மூன்றாவது டை, காசில் உருவம் பதிய அடிக்கும் கருவி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். சூதாடும் தாயக்கட்டைக்கும் அதே பெயர்தான்.

இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. அச்சு இருக்கிறது. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் அச்சு என்பது காசின் பெயராகவே வருகிறது; அடிக்கும் கருவியின் பெயர் அடிபட்ட பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது போலும். கம்பட்டமுளை என்று இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு. கம்பட்டம் என்றால் காசு அடித்தல், அடிக்கும் இடம். முளையைக் கையில் பிடித்து மேலே சுத்தியலால் ஓங்கி அடித்த காலத்துச் சொல் அது. எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் இன்று சொன்னால் யாருக்கும் விளங்காது. அச்சே போதும்.

சரி, கிராக்? வெடிப்பு என்று பெயர்த்துவிடலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெடித்தது அச்சு, காசு அல்ல. இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வெறும் உலோக வில்லையை வைத்துப் பல தொன் அழுத்தத்தில் அடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் அடித்தபின் எஃகு களைத்து, மயிரிழை போல விரிகிறது. அடுத்த வில்லையை அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள்ளும் புகுகிறது. ஆகவே காசில் விழுவது பள்ளம் அல்ல, மேடு. மோதக அச்சில் ஒரு கீறல் இருந்தால் மோதகத்தில் சின்ன வரம்பு எழுந்து நிற்குமே, அதேதான்.

அதனால் நான் இரண்டாகப் பிரித்துச் சொல்வேன்: அச்சில் இருப்பது அச்சு வெடிப்பு, காசில் இருப்பது வெடிப்புத் தழும்பு. காயம் ஓரிடம், தழும்பு வேறிடம். 'வெடித்த காசு' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வில்லையே பிளந்துபோன காசுகளும் உண்டு. அவற்றை அப்புறம் எப்படி அழைப்பதாம்?

பார்க்கும் முறை எளிது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச் ஒன்று. தழும்பு பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி, எழுத்தையும் வெற்றிடத்தையும் விடாமல் கடந்து, கொஞ்சம் நெளிந்தபடி ஓடும். கீறல் அப்படியல்ல. அது உள்ளே இறங்கும், விலகிய உலோகம் இரு கரையிலும் உயர்ந்திருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் அதே ஆண்டுக் காசுகளைத் தேடலாம். ஒரே அச்சில் பிறந்தவை என்றால் அதே கோடு அதே இடத்தில் இருக்கும். பின்னால் அடித்ததில் இன்னும் நீண்டிருக்கும்.

வெடிப்பு முற்றி அச்சின் ஓரத்துண்டே பெயர்ந்துவிட்டால், காசின் விளிம்பில் உருவமோ எழுத்தோ இல்லாத ஒரு திட்டு எழும். ஆங்கிலத்தில் கட் என்பார்கள். மாடு அசைபோடும் கவளத்துக்கும் அதே சொல். தமிழில் விளிம்புப் புடைப்பு எனலாம். அதற்கு நேர் பின்பக்கம் உருவம் மங்கியிருந்தால் நம்பலாம், உலோகம் இந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது. சேர்ப்பவர்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். மயிரிழைத் தழும்புக்குப் பெரிய விலை கேட்பவரிடம் சிரித்துவிட்டு நகர்வது நல்லது.

பையனுடைய காசை டார்ச்சில் சாய்த்தேன். கோடு நேராக ஓடியது. பள்ளம். அவன் முகம் சுருங்கியது. அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, "அடேய், மண்ணெண்ணெய் குக்கர் ஆணிய இத வச்சுத்தானே திருப்புவேன்" என்றார்.