மூன்று கோடியும் ஒரு ரூபாயும்: மக்கள் பிரதிநிதியிடம் கணக்குக் கேட்பது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மா ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா தம்பி, எம்.எல்.ஏ.வுக்கு வருசத்துக்கு மூணு கோடி ரூபா குடுக்குறாங்களாமே, அம்புட்டும் அவரு வீட்டுக்கா போவுது?"

வீட்டுக்குப் போவதில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் தினமும் பஸ் ஏறும் நிழற்குடையில் 'சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி' என்று முழ நீள எழுத்தில் இருக்கிறது. மதிப்பீட்டுத் தொகை எழுதிய இடத்தில் மட்டும் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிக் கிழித்ததில் பெயின்ட் உரிந்து, 'ரூ.' என்ற எழுத்தும் ஒரு பூஜ்யமும்தான் மிஞ்சியிருக்கின்றன. எவ்வளவு என்று படிக்க முடியாத பணத்தை யார்தான் நம்புவார்கள்?

மக்கள் பேச்சில் மூன்று தனித்தனிப் பணங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தொகுதி நிதி ஒன்று, உறுப்பினரின் சம்பளமும் படியும் ஒன்று, தேர்தலில் அவர் செய்த செலவு ஒன்று. கணக்குக் கேட்கும் இடமும் மூன்றுக்கும் வேறு வேறு.

முதலில் அந்த மூன்று கோடி. தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதி 2017இல் 2 கோடியிலிருந்து இரண்டரைக் கோடி ஆனது, பிறகு 3 கோடி ஆனது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி. இரண்டிலும் ஒரு பைசாகூட உறுப்பினரின் கைக்கு வராது. 'இந்த ஊரில் இந்த வேலையைச் செய்யுங்கள்' என்று அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். பொறியாளர் மதிப்பீடு போடுவார், ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், டெண்டர் விடப்படும். வேலை முடிந்ததும் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில் பதிவு செய்து ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். ஆகவே இதில் தப்பு நடந்தால் அது மதிப்பீட்டிலும் எம்-புக்கிலும்தான் தெரியும். எம்.பி. நிதியில் 15 சதவீதத்தைப் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், ஏழரை சதவீதத்தைப் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டிய தெருக்கள் நிறைய.

அப்புறம் சம்பளம். 2017 ஜூலையில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் மாத வருவாய் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்ந்தது. தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த அதே மாதம் அது. காட்டுமன்னார்கோவில் பக்கம் கடைமடையில் தண்ணீர் வருமா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது போட்ட கணக்கில் சம்பளம் 30,000, ஈட்டுப்படி 10,000, தொகுதிப்படி 25,000, வாகனப்படி 25,000, தொலைபேசிக்கு 7,500, தபாலுக்கு 2,500, தொகுப்புப்படி 5,000. கூட்டினால் 1,05,000 வரும்.

தொகை பெரிதா என்றால், என் மனதுக்குப் பெரிதாகப் படவில்லை. நேர்மையாக இருக்கிற ஒருவர் இந்தப் பணத்தில் தொகுதியைச் சமாளிப்பது கஷ்டம். ஆவணி, தை மாத முகூர்த்த நாளில் ஒரு எம்.எல்.ஏ.வின் மேசையைப் பாருங்கள். நாற்பது பத்திரிகை, நாலு காதுகுத்து, ஒரு கும்பாபிஷேகம், இரண்டு சாவு வீட்டுக்கு மாலை. போகாவிட்டால் "ஜெயிச்சதும் மறந்துட்டார்" என்போம். மொய் எழுதாமல் வந்தாலும் பேசுவோம். சம்பளமே வேண்டாம் என்று சொன்னால் பணக்காரர் மட்டும்தான் சட்டமன்றம் போவார்.

என் வருத்தம் வேறு. இந்தப் படிகளுக்குப் பில் கிடையாது. வாகனப்படி 25,000 வாங்குகிறவர் எத்தனை லிட்டர் டீசல் போட்டார் என்று யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. தொகுதிப்படியும் அப்படித்தான், மாதம் பிறந்தால் மொத்தமாக வந்துவிடும். எம்.பி.க்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டுச் சம்பளம் 1,24,000 என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அவை நடக்கும் நாளுக்குப் படி 2,500. அந்த நாள்படிக்காவது வருகையைப் பதிவு செய்ய வேண்டும். மற்ற பல படிகள் மொத்தத் தொகைதான். இவற்றையெல்லாம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 106ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கும், 195ஆம் பிரிவு சட்டமன்றத்துக்கும் கொடுத்திருக்கிறது. வாங்குகிறவர்களே தொகையையும் தீர்மானிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2009 மே மாதம் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்டு எம்.பி.க்கள் கொடுத்த செலவு பில்களை டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் நாள்தோறும் வெளியிட்டது. வீட்டைச் சுற்றியுள்ள அகழியைத் துப்புரவு செய்த செலவு, குளத்தில் வாத்துகளுக்குக் கட்டிய சிறு கூண்டு வீடு என்று என்னென்னவோ கேட்டிருந்தார்கள். வாத்து வீட்டுக்குக் கேட்ட பணம் கடைசியில் கொடுக்கப்படவில்லை. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். பொய்க் கணக்குக் காட்டிய சிலர் சிறைக்குப் போனார்கள். அதன்பின் எம்.பி.க்களின் செலவைப் பரிசீலிக்கத் தனி அமைப்பு வந்தது. இன்று யார் எந்த ரயிலுக்கு எவ்வளவு கேட்டார் என்பது வரை அதன் இணையதளத்தில் கிடக்கிறது.

அங்கே பொய் பிடிபட்டதற்குக் காரணம், பில் என்று ஒன்று இருந்ததுதான். நம் நாட்டிலும் பில் இருந்த இடத்தில் பிடிபட்டிருக்கிறது. பீகாரைச் சேர்ந்த முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர், போகாத விமானப் பயணங்களுக்குப் போலி டிக்கெட்டும் போர்டிங் பாஸும் காட்டி 23 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டதாக சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2022இல் டெல்லி நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தது. அப்போது அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த குர்ஹானி தொகுதியில் அந்த டிசம்பரிலேயே இடைத்தேர்தல் வந்தது. விமானப் பயணத்துக்கு டிக்கெட் கேட்டார்கள், பொய் வெளியே வந்தது. மொத்தமாகக் கொடுக்கும் படியில் நல்லவரும் தன் நேர்மையை நிரூபிக்க முடியாது. நல்லவரையும் பொய் சொல்பவரையும் ஊர் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது.

மூன்றாவது, தேர்தல் செலவு. இங்கே சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் கதவு பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2022 ஜனவரியில் உயர்த்திய வரம்புப்படி, தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சமும் மக்களவை வேட்பாளர் 95 லட்சமும் செலவு செய்யலாம். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் அதுவே 28 லட்சம், 75 லட்சம். கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவு இந்த வரம்பில் சேராது. பெரிய ஓட்டை அது. ஆனாலும் வேட்பாளர் தினமும் கணக்கு எழுதியாக வேண்டும். அதற்கான பதிவேட்டில் அன்றாடச் செலவு வெள்ளைத் தாளிலும், ரொக்கம் இளஞ்சிவப்புத் தாளிலும், வங்கிக் கணக்கு மஞ்சள் தாளிலும் இருக்கும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். தக்க காரணம் இல்லாமல் கொடுக்கத் தவறினால் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம்.

அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் 1 ரூபாய். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 88ஆவது விதி இது. கூடுதல் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகலும் கிடைக்கும். நான் ஒருமுறை இப்படிப் பார்க்கப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லவில்லை. அங்கிருந்த ஊழியர், "இதையெல்லாம் வெளியாளுக்குக் காட்ட மாட்டோம் சார்" என்றார். விதியின் எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அரைமணி நேரம் கழித்துப் பதிவேடு வந்தது. ஆட்டோ வாடகை, மைக் செட், பிளாஸ்டிக் நாற்காலி, டீ என்று வெள்ளைத் தாளில் வரி வரியாக இருந்தது. நான் நேரில் நின்று பார்த்த பொதுக்கூட்டம் ஒன்றுக்கு 200 நாற்காலி என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு உட்கார இடமில்லாமல் நின்றவர்களில் நானும் ஒருவன், 200 நாற்காலி மூன்றாவது வரிசையிலேயே முடிந்திருக்கும். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தை விடத் துக்கம்தான் வந்தது.

இதில் நாள் கணக்கு முக்கியம். வரம்பை மீறிச் செலவு செய்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. அதை வைத்து அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். ஆனால் முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும். கணக்கு 30ஆவது நாள் வந்தால் உங்கள் கையில் மிச்சம் 15 நாள்தான். பார்க்க நினைப்பவர்கள் கணக்கு வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.

மற்ற இரண்டு பணத்துக்கும் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். தொகுதி நிதி என்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கும், எம்.எல்.ஏ.வின் சம்பளம், படி என்றால் சென்னை கோட்டையில் உள்ள சட்டமன்றச் செயலகத்துக்கும், எம்.பி. என்றால் டெல்லி மக்களவைச் செயலகத்துக்கும் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. கடலூர்க்காரர் இதைத் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு அனுப்புவார். புதுச்சேரிக்காரர் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும், புதுச்சேரிக்கெனத் தனி ஆணையம் இல்லை.

கேள்வியை எழுதும்போது "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. எந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் ஒரு வரி இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. சாதாரண மக்களுக்கு அது பெரிய இழப்பு. 'தனிநபர் தகவல்' என்று சொல்லி மறுத்தால், பொது நலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்கிற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

அந்தக் காய்க்கார அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டது இரண்டே விஷயம்: நிழற்குடையின் மதிப்பீட்டு நகல், அந்த வேலைக்கான எம்-புக் பக்கங்களின் நகல். 10 ரூபாய் ஸ்டாம்பை அவரே வாங்கி வந்து, கீரைத் தண்ணீர் படாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். தபாலில் அனுப்பிய ரசீது இப்போது அவருடைய தராசுக்குக் கீழே இருக்கிறது. 30 நாள் முடிய இன்னும் 11 நாள் இருக்கிறது.