நெவாடாவின் பாலை நிலம்: யாருடையது, யார் விற்கலாம், நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெற்று நிலம். ஆனாலும் அங்கே வீட்டு மனைக்குத் தட்டுப்பாடு. காரணம், அந்தப் பாலையில் பெரும்பகுதி விற்பனைக்கே இல்லை. நெவாடாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தம். வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவுக்கு இல்லை. இதில் சுமார் 4.8 கோடி ஏக்கரை, அதாவது மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கை, மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் (Bureau of Land Management) பார்த்துக்கொள்கிறது. அங்குள்ளவர்கள் அதை பி.எல்.எம். என்றே சொல்வார்கள்.

நிலம் அரசிடம் தங்கிப்போனதற்குத் தண்ணீர்தான் காரணம். 1864-இல் நெவாடா தனி மாநிலமானபோது, யாருக்கும் வழங்கப்படாத நிலத்தில் உரிமை கோர மாட்டோம் என்று ஒப்புக்கொண்டே சேர்ந்தது. 1862-இன் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து வருடம் தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை பட்டா கிடைத்தது. மழை நன்றாகப் பெய்யும் ஊரில் ஒரு குடும்பம் பிழைக்க அது போதும். நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் நெவாடாவில், ஓடையோ ஊற்றோ இல்லாத 160 ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தண்ணீர் உள்ள இடங்களை மட்டும் பட்டா வாங்கிக்கொண்டார்கள். 1976-இல் வந்த சட்டம், மிச்சமுள்ள நிலம் பொதுவாக அரசிடமே இருக்கும் என்று முடிவு செய்தது. இதற்கெல்லாம் முன்பு இது ஷோஷோனி, பையூட் பழங்குடி மக்களின் மண். அமெரிக்க அரசுடன் செய்த 1863 ரூபி வேலி ஒப்பந்தத்தில் நிலத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை என்று மேற்கு ஷோஷோனிகள் இன்றும் சொல்கிறார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு இந்த நிலத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

சரி, நகரம் வளர இடம் வேண்டாமா? அதற்காக வந்ததுதான் 1998-இன் தெற்கு நெவாடா பொது நில மேலாண்மைச் சட்டம். லாஸ் வேகாஸைச் சுற்றி ஓர் எல்லை வரைந்தார்கள். அதற்குள் எந்த நிலத்தை விற்கலாம் என்பதை உள்ளாட்சிகளும் பி.எல்.எம்.மும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் சந்தை விலைக்குக் குறையாமல் ஏலம். வரும் பணத்தில் 5 சதவீதம் மாநிலக் கல்வி நிதிக்கும், 10 சதவீதம் தெற்கு நெவாடா நீர் ஆணையத்துக்கும் போகும். மீதி 85 சதவீதம் தனிக் கணக்கில் சேர்ந்து, பூங்கா, நடைபாதை, இயற்கை வளம் மிக்க தனியார் நிலங்களை வாங்குவது, தாஹோ ஏரியைச் சீரமைப்பது போன்ற வேலைகளுக்குச் செலவாகும். மலிவு விலை வீடுகள் கட்டுவதற்கென்றால் சந்தை விலையைவிடக் குறைத்தும் தரலாம். 2023-இலிருந்து ஏக்கருக்கு 100 டாலர் என்ற விலையிலேயே உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க வழி செய்தார்கள். வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகும் ஊரில் இந்தப் பிரிவை இன்னும் நிறையப் பயன்படுத்த வேண்டும்.

இந்தச் சட்டத்தின் உயிர், பணம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. விற்ற மண்ணின் விலை அந்த மாநிலத்துக்கே திரும்புகிறது. 2025 மே மாதம் நாடாளுமன்றத்தின் கீழவையில் நெவாடா, யூட்டா நிலங்களை விற்க ஒரு திருத்தம் வந்தபோது, பணம் மத்திய கருவூலத்துக்குப் போய்விடும் என்பதே நெவாடாவில் எழுந்த பெரிய எதிர்ப்பு. இரு கட்சிகளிலும் ஆட்சேபம் வர, அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. நீக்கியது சரி என்பதே என் கருத்து. நகர எல்லைக்குள் கணக்குப் பார்த்து விற்பது வேறு, வரவு செலவுப் பற்றாக்குறையை அடைக்க விற்பது வேறு.

விற்காத நிலமும் சும்மா கிடக்கவில்லை. மாடு மேய்க்க அனுமதி உண்டு. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, சட்டப்படியான குறைந்தபட்சக் கட்டணம் 1.35 டாலர். தங்கம் எடுப்பவர்கள் இன்றும் 1872-இன் சுரங்கச் சட்டத்தின் கீழ்தான் வருகிறார்கள். எடுக்கும் தங்கத்துக்கு மத்திய அரசுக்கு உரிமைத்தொகை எதுவும் கிடையாது. நாட்டின் தங்கத்தில் பெரும்பகுதி நெவாடாவில்தான் கிடைக்கிறது என்னும்போது, பொதுச்சொத்தை இப்படிக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மத்திய அரசின் நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது என்பதால் கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்ற உள்ளாட்சிகளுக்கு) வருமானம் குறைகிறது. அதை ஓரளவு ஈடுகட்ட 1976-இன் ஒரு சட்டப்படி மத்திய அரசு ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறது.

சாதாரண மனிதருக்கு என்ன உண்டு? பெரும்பாலான பி.எல்.எம். நிலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம். வாடகை கிடையாது. 28 நாட்களில் 14 நாள்வரை ஒரே இடத்தில் தங்கலாம், அதன்பின் நகர்ந்துவிட வேண்டும். லாஸ் வேகாஸ் பக்கத்திலுள்ள ரெட் ராக் கேன்யன் இதற்கு விதிவிலக்கு. அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. அக்டோபர் முதல் மே வரை மலைச்சாலையில் கார் ஓட்ட முன்பதிவும் வேண்டும். பெரும்பாலான மற்ற பி.எல்.எம். நிலத்தில் கூழாங்கற்களைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். கல்லாக மாறிய பழங்கால மரத் துண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வரம்பு. பழங்குடி மக்களின் அம்பு முனை, பானை ஓடு, பாறை ஓவியம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. எடுத்தால் சட்டப்படி அபராதமோ சிறையோ கிடைக்கலாம்.