ஸ்டீயரிங்கைக் கெடுக்கும் துரு கண்ணில் படாது

ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தால் பலர் பதறிப்போகிறார்கள். கனமான எஃகுத் தண்டு அது; மேலாகப் படர்ந்த துரு அதை அரித்துத் தீர்க்கப் பல வருடங்கள் பிடிக்கும். அஞ்ச வேண்டிய துரு, ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறைக்குள் இருக்கிறது.

டை ராட் முனையிலுள்ள பால் ஜாயிண்டில், வழவழப்பான எஃகு உருண்டை ஒன்று கிண்ணத்துக்குள் சுழல்கிறது. உரசும் பரப்பு என்பதால் அதற்குப் பெயிண்ட் அடிக்க முடியாது. கிரீஸ் மட்டுமே காவல். உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் தண்ணீரும் மண்ணும் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். உருண்டையில் துரு குழிகள் பறிக்கும். குழி விழுந்த உருண்டை அரம் மாதிரி கிண்ணத்தைத் தேய்க்கும். பிறகு மேடுபள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம், ஸ்டீயரிங்கில் ஆட்டம்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் பல்தண்டான ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு உறைகளின் கதை இன்னும் சுவையானது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒன்று சுருங்கும், மற்றது விரியும். கிழிசல் இருந்தால், விரியும் ஒவ்வொரு முறையும் அது பம்பு போல ஈரத்தை உள்ளே இழுக்கும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில், துருவேறிய ரேக் தண்டு எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீலின் விளிம்பை அறுத்துவிடும், கசிவு தொடங்கும்.

எனவே வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில்தான் இருக்கும். உறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும். புது உறை மாட்டிப் பயனில்லை. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) உள்ள ஜாயிண்டில் உறை லேசாக உப்பும்வரை கிரீஸ் அடித்தால் போதும். மேலும் அடித்தால் உறை பிதுங்கிக் கழன்றுவிடும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது உயர் அழுத்த நீரை நேராக உறையின் விளிம்பில் பாய்ச்சுவதும் கெடுதல்தான்.

வெளியே கவனிக்க வேண்டியது டை ராட் முனையை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டின் மரை. துருவில் இறுகிவிட்டால் வீல் அலைன்மெண்ட் செய்ய முடியாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். எண்ணெய் ரப்பரில் படக்கூடாது. சிலவகை ரப்பர் உப்பிப்போகும். கேஸ் வெல்டிங் தீயால் சுடவும் கூடாது: உறை கருகும், எஃகின் கடினத்தன்மையும் குறையும். அமிலம் கலந்த துருநீக்கி அதைவிட மோசம். அமிலம் விடுவிக்கும் ஹைட்ரஜன் உறுதிமிக்க எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். அலைன்மெண்ட் முடிந்ததும் வெளியே தெரியும் மரையில் மெழுகு வகைப் பூச்சு அடியுங்கள்.

தண்டின் நடுப்பகுதிக்குத் துத்தநாக பிரைமர் நல்லது. இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை இழப்பதால், கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் தானே முதலில் அரிபடும். சாதாரண பெயிண்ட் கீறினால் துரு அதன் அடியில் பரவும்.

பால் ஜாயிண்டின் உருண்டையிலிருந்து நீளும் கம்பியின் கூம்புப் பகுதியில் மட்டும் எதையும் பூசாதீர்கள். துடைத்து, உலர்வாகவே மாட்டுங்கள். வழுக்கினால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) கூம்பு அளவுக்கு மேல் உள்ளே இழுபட்டு இறுகிவிடும்.