சேர்மன், கவுன்சிலர் சொல்ற 'முன்னுரிமை' லிஸ்ட்டுல எது நடக்கும், எது நடக்காது: நகராட்சி காசு எங்கேர்ந்து வருது, நாம எங்க கேக்கலாம்

எந்த ஊர் நகராட்சி சேர்மன் பேசினாலும் லிஸ்ட் ஏறக்குறைய ஒண்ணுதான். குடிதண்ணி, ரோடு, பாதாள சாக்கடை, குப்பை, தெருலைட்டு, புது பஸ் ஸ்டாண்டு, கடைசில ஊரை வளர்ச்சிப் பாதையில கொண்டு போவோம்னு ஒரு வரி. லிஸ்ட்டுல தப்பே இல்ல, எல்லாம் வேணும்தான். ஆனா இதுல எது நகராட்சி கையில இருக்கு, எதுக்கு யாரு காசு தரணும், எதுக்கு இவங்களால லெட்டர் எழுதி குடுக்க மட்டும்தான் முடியும்னு நமக்கு தெரியலன்னா அஞ்சு வருஷமும் தலையாட்டிட்டே போயிடும். அதனால தமிழ்நாட்டு நகராட்சி, பேரூராட்சி எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் உடைச்சு எழுதுறேன்.

முதல்ல யாருக்கு என்ன பவர்னு பாத்துடுவோம். 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1ல அமலுக்கு வந்துச்சு, அதோட 12வது அட்டவணையில நகர உள்ளாட்சிக்கு குடுக்கலாம்னு 18 வேலை போட்டிருக்கு, தண்ணி, ரோடு, குப்பை, சுகாதாரம், பூங்கா, சுடுகாடு வரைக்கும். 'குடுக்கலாம்'தான், குடுத்தே ஆகணும்னு இல்ல, மாநில அரசு எவ்வளவு குடுக்குதோ அவ்வளவுதான். தமிழ்நாட்டுல 1998ல போட்ட நகர்ப்புற உள்ளாட்சி சட்டம் ரொம்ப வருஷம் கிடப்புல இருந்து 2023 ஏப்ரல்லதான் புது விதிகளோட நடைமுறைக்கு வந்துச்சு. 2022 பிப்ரவரி 19 எலக்‌ஷன்ல நாம ஓட்டு போட்டது கவுன்சிலருக்கு மட்டும். அந்த கவுன்சிலருங்க சேர்ந்து மார்ச் 4ல சேர்மனை தேர்ந்தெடுத்தாங்க. சேர்மன் தலைமையில மன்றம் தீர்மானம் போடும், ஆனா செக்ல கையெழுத்து போடுறது, டெண்டர் விடுறது, ஆளுங்களை வேலை வாங்குறது எல்லாம் கமிஷனர், பேரூராட்சின்னா இ.ஓ. (செயல் அலுவலர்). அவங்க அரசு அதிகாரிங்க, நாளைக்கே ட்ரான்ஸ்ஃபர் ஆகலாம். இதுல கவுன்சிலர் நிலைமையையும் பாக்கணும், 2023 ஜூலைலேர்ந்து நகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய் மதிப்பூதியம். எம்எல்ஏவுக்கு வருஷத்துக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கு, எம்பிக்கு 5 கோடி இருக்கு, சின்ன ஊர் கவுன்சிலருக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. "என் வார்டுக்கு நான் ஒதுக்குறேன்"னு அவர் சொன்னா, மன்றத்துல போராடி பொது நிதியிலேர்ந்து வாங்கித் தர்றேன்னு அர்த்தம் பண்ணிக்கோங்க.

அடுத்தது யாரோட சொத்து எதுன்னு ஒரு குழப்பம் இருக்கு. ஊருக்கு நடுவுல போற மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத்துறையோடது, அதுல குழி விழுந்தா கவுன்சிலரை திட்டி பிரயோஜனம் இல்ல, அவர் கடிதம்தான் குடுக்க முடியும். தெருலைட் பல்பு நகராட்சியோடது, கம்பமும் கம்பியும் மின்வாரியம். பஸ் ஸ்டாண்டு நகராட்சி, உள்ள வர்ற பஸ்சு போக்குவரத்துக் கழகம். ரேஷன் கடை கூட்டுறவு, தாலுகா ஆஸ்பத்திரி சுகாதாரத்துறை. மேடையில இதெல்லாம் கலந்து ஒரே லிஸ்ட்டா வரும், கேக்குற நாம பிரிச்சுக்கணும்.

இப்ப காசு. என்னைக் கேட்டா இதுதான் விஷயமே, யாராவது ஒரு வேலையை முன்னுரிமைன்னு சொன்னா "எந்த ஹெட்ல", அதாவது எந்த நிதிக் கணக்குலேர்ந்துன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பாதி லிஸ்ட் அங்கேயே கரைஞ்சிடும்.

நகராட்சிக்கு சொந்த வருமானம்னா சொத்து வரி, காலி மனை வரி, தொழில் வரி, தண்ணி கட்டணம், கடை வாடகை, பஸ் ஸ்டாண்டு வசூல், இந்த மாதிரி. சம்பளம், பென்ஷன், கரண்ட் பில்லு, தண்ணி பம்ப் பண்ற செலவு எல்லாம் போக இதுல பெருசா மிச்சம் நிக்காது. அதுக்கப்புறம் மாநில அரசு தன்னோட சொந்த வரி வருமானத்துல ஒரு பங்கை மாநில நிதி ஆணையம் சொல்ற கணக்குப்படி பிரிச்சு தரும், ஆபீஸ்ல எஸ்.எஃப்.சி.ன்னு சொல்றது இதைத்தான். மத்திய அரசு பக்கம் 15வது நிதி ஆணையம் 2021-26 வருஷங்களுக்கு ஒரு மானியம் வச்சுச்சு, அதுல சின்ன ஊர்களுக்கு வந்த காசுல 40 சதவீதம்தான் நம்ம இஷ்டத்துக்கு செலவு பண்ண முடிஞ்சுது, 30 சதவீதம் தண்ணிக்கு, 30 சதவீதம் சுகாதாரம், குப்பைக்குன்னு கட்டிப் போட்ட காசு. கட்டிப் போட்டதுல எடுத்து பூங்கா கட்ட முடியாது. அந்த மானியம் வேணும்னா இன்னொரு கண்டிஷன், கணக்கை ஆன்லைன்ல போடணும், சொத்து வரிக்கு குறைந்தபட்ச ரேட் அறிவிச்சு வசூலை வருஷா வருஷம் ஏத்திக் காட்டணும்னு இருந்துச்சு. 2022ல சொத்து வரி ஏறினப்போ அரசாங்கம் இந்த கண்டிஷனைத்தான் காரணமா சொல்லுச்சு. சென்னை தவிர மத்த ஊர்ல 600 சதுரடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25, 601லேர்ந்து 1,200 வரைக்கும் 50, 1,201லேர்ந்து 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம்னு ஏத்தினாங்க. (வரியை அரையாண்டு ஆரம்பிச்ச முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். எவ்வளவோ பேர் இதை விட்டுடுறாங்க.)

பெரிய வேலைன்னா திட்டப் பணம்தான் வரணும். அம்ருத் 2.0ன்னு 2021 அக்டோபர் 1ல ஆரம்பிச்சது எல்லா நகரத்துக்கும் குடிதண்ணிக்கான மத்திய அரசு திட்டம். மக்கள்தொகை 1 லட்சத்துக்கு கீழ இருக்கிற ஊருக்கு திட்டச் செலவுல பாதியும், 1 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் வரை இருக்கிற ஊருக்கு மூணுல ஒரு பங்கும் மத்திய அரசு தரும். மிச்சம் மாநிலமும் நகராட்சியும் போடணும், நகராட்சிகிட்ட காசு இல்லாட்டி கடன் வாங்கும், அந்த கடன் நம்ம வரியிலதான் அடையும். மாநிலத் திட்டம்னா கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கு, மார்க்கெட், அறிவுசார் மையம் (போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நூலகம்), பூங்கா மாதிரி வேலைங்க அதுல வரும். அதனால "நாங்க கொண்டு வந்த திட்டம்"னு போர்டு பாத்தா அதுல மத்திய பங்கு எவ்வளவு, மாநிலம் எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும், அதையும் படிங்க.

முன்னுரிமைன்னா எதை செய்யறோம்ங்கறதோட எதை முதல்ல செய்யறோம்ங்கறதும்தான், இதுக்கு பாதாள சாக்கடையை விட நல்ல உதாரணம் கிடையாது. ஊருக்குள்ள குழாய் போட்டுட்டா போதும்னு நினைக்கிறோம், ஆனா மலக்கழிவு குழாய்ல தேங்காம ஓடணும்னா வீட்டுலேர்ந்து தண்ணி போதுமான அளவு வெளிய வரணும். மத்திய அரசோட பொது சுகாதாரப் பொறியியல் கையேடு பாதாள சாக்கடை இருக்கிற ஊருக்கு தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் சப்ளை வேணும்னு சொல்லுது, இல்லாத ஊருக்கு 1999 கையேட்டுல 70 லிட்டர்னு இருந்துச்சு. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடுற ஊர்ல பாதாள சாக்கடையை முதல்ல அறிவிச்சா அது தலைகீழ். தண்ணி, அப்புறம் சாக்கடைக் குழாய், அப்புறம் வீட்டு இணைப்பு, எல்லாம் முடிஞ்சு மண்ணு இறங்கினப்புறம்தான் ரோடு. ஆனா நடக்கிறது என்ன, எலக்‌ஷனுக்கு முன்னாடி பளபளன்னு தார் ரோடு போடுவாங்க, ஆறு மாசத்துல அதே ரோட்டை நடுவுல கிழிச்சு மேன்ஹோல் இறக்குவாங்க, கிழிச்ச இடத்துல ஜல்லியை கொட்டி மூடிட்டு போயிடுவாங்க, மழைக்கு அது உள்ள இறங்கி பைக்ல வர்றவன் விழுவான்.

ரோடு போடும்போது இன்னொண்ணு கவனிங்க. பழைய தாரை சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல புதுசா போடணும்னு அரசே சொல்லியிருக்கு, ஆபீஸ்ல இதுக்கு மில்லிங்னு பேரு. சுரண்டாம மேல மேல போட்டுக்கிட்டே போனா தெரு உசந்து வாசப்படி பள்ளத்துக்குப் போயிடும், மழைத்தண்ணி நேரா ஹாலுக்குள்ள. எஸ்டிமேட்ல மில்லிங் இருக்கான்னு வேலை ஆரம்பிக்கும்போதே கவுன்சிலரையும் ஏ.இ.யையும் (உதவிப் பொறியாளர்) கேளுங்க, ரோலர் வந்து நின்னப்புறம் கேட்டா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. அதே மாதிரி போட்ட ரோடு பொறுப்புக் காலத்துக்குள்ள பேந்துச்சுன்னா கான்ட்ராக்டர்தான் தன் செலவுல சரி பண்ணணும், அந்த காலம் எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல இருக்கும்.

குப்பை விஷயத்துல 2016 விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தானதுன்னு வீட்டுலயே மூணா பிரிக்க சொல்லுச்சு. நாம பிரிச்சு குடுக்கிறோம், வண்டியில ஒண்ணா கொட்டிட்டு போறாங்க, அப்புறம் எவன் பிரிப்பான். இதுக்கு அந்த தூய்மைப் பணியாளரை திட்டுறது நியாயமே இல்ல, வண்டியில தடுப்பு இல்லாம, உரக்கூடம் ஓடாம இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க. கேக்க வேண்டிய கேள்வி உரக்கூடத்துல தினம் எத்தனை டன் உரமாகுது, எத்தனை டன் இன்னும் கிடங்குக்கே போகுதுங்கறதுதான்.

வளர்ச்சின்னு சொல்றதுல தரம் உயர்த்துறது ஒரு பெரிய ஐட்டம். பேரூராட்சி நகராட்சியாகும், நகராட்சி மாநகராட்சியாகும். 2024ல புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி நாலும் மாநகராட்சி ஆச்சு. பேரு பெருசாகும், மானியம் கூடும், அதிகாரி எண்ணிக்கையும் கூடும், அது வாஸ்தவம். ஆனா பக்கத்துல இருந்த ஊராட்சிங்களை சேக்கும்போது அங்க உள்ளவங்களுக்கு நூறு நாள் வேலை போகும், வரி ஏறும், குழாயும் சாக்கடையும் வர வருஷக்கணக்கா ஆகும். அந்த கிராமத்து ஜனங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து எதிர்க்கிறதுக்கு இதுதான் காரணம், அதை வளர்ச்சிக்கு எதிர்ப்புன்னு எழுதுறது அநியாயம். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் புதுசா கட்டும்போது நடைபாதை வியாபாரிங்க கதையும் இப்படித்தான். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிச்சு சான்று குடுக்கிற வரைக்கும் அவங்களை காலி பண்ணக் கூடாது, இடம் முடிவு பண்ற நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் பேர் வியாபாரிங்களே தேர்ந்தெடுத்த ஆளுங்களா இருக்கணும்.

சரி, நாம எங்க கேக்கறது? கிராமசபை எல்லாருக்கும் தெரியும், டவுன்ல அதே மாதிரி ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கறது நிறைய பேருக்கு தெரியாது. 2022ல விதி வந்து அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துல முதல் கூட்டம் நடந்துச்சு. 5 லட்சத்துக்கு கீழ மக்கள்தொகை இருக்கிற ஊர்ல ஒரு வார்டை நாலு அஞ்சு ஏரியாவா பிரிப்பாங்க, அந்த ஏரியா வோட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கிற எல்லாரும் சபை உறுப்பினர்தான், யாரும் அழைப்பிதழ் குடுக்கணும்னு அவசியம் இல்ல. ஏரியாவுக்கு ஒருத்தரை எடுத்து கவுன்சிலர் தலைமையில வார்டு கமிட்டி. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்.

அங்க போய் "எங்க தெருவுல ஒண்ணுமே நடக்கல"ன்னு சத்தம் போட்டா எல்லாரும் மண்டையை ஆட்டுவாங்க, டீ பிஸ்கட் வரும், கலைஞ்சிடுவாங்க. அதுக்கு பதிலா தெருப் பேர், எங்கேர்ந்து எங்க வரைக்கும், எத்தனை வீடு, என்ன வேணும், எந்த நிதியில எடுக்கலாம்னு ஒரு பேப்பர்ல எழுதி நாலு பேர் கையெழுத்தோட குடுத்து, பதிவேட்டுல ஏத்தினாங்களான்னு அங்கயே நின்னு பாத்துட்டு வாங்க. பதிவுல ஏறினாத்தான் அடுத்த மன்றக் கூட்டத்துல பொருளா வைக்க சொல்லி கேக்க முடியும். கூட்டமே போடலன்னா அதையும் எழுத்துல கமிஷனருக்கு குடுங்க.

காசு இல்லன்னு கை விரிச்சா நமக்கு நாமே திட்டம் ஒரு வழி. 1997-98ல ஆரம்பிச்சது, 2021-22ல நகர்ப்புறத்துக்கு 300 கோடி ஒதுக்கி திரும்ப கொண்டு வந்தாங்க. பொதுவா செலவுல மூணுல ஒரு பங்கு மக்கள் தரப்புலேர்ந்து வந்தா மிச்சத்தை அரசு போடும், தனி ஆளோ, சங்கமோ, கம்பெனியோ யார் வேணா அந்த பங்கை கட்டலாம். பள்ளிக்கூடக் கட்டடம், பூங்கா, குளம் தூர்வார்றதுக்கு நல்ல திட்டம். ஆனா இதுல வசதியான நகர்காரங்க சங்கம் வச்சு பங்கை கட்டி பூங்கா வாங்கிடுவாங்க, பின்னால இருக்கிற காலனிக்கு பங்கு கட்ட ஆள் இருக்காது. இந்த இடத்துல கவுன்சிலரோட உண்மையான முன்னுரிமை என்னன்னு தெரிஞ்சிடும், அந்த காலனிக்கு பொது நிதியில எடுத்து வைக்கிறாரா இல்ல அவங்களையும் பங்கு கட்ட சொல்றாரான்னு பாருங்க.

மன்றத் தீர்மானம், எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்.புக் (செஞ்ச வேலையை அளந்து எழுதுற புத்தகம்) எது வேணும்னாலும் நகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடலாம், 30 நாளுக்குள்ள பதில் தரணும். "ரோடு ஏன் சரியில்லை"ன்னு கேக்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இந்த தெருவுக்கு இந்த தேதியிலேர்ந்து இந்த தேதி வரை போட்ட வேலைகளோட எஸ்டிமேட் நகலும் எம்.புக் நகலும் குடுங்கன்னு கேளுங்க. எம்.புக்ல எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் கனம்னு அளந்து எழுதியிருப்பாங்க, அந்த நகல் கைக்கு வந்ததும் டேப் எடுத்துட்டு தெருவுல இறங்கி நீங்களும் ஒரு தடவை அளந்து பாத்துடலாம்.