ஹெதர்: ‘அறை’ என்ற சொல் பள்ளியைக் குறித்த கதை

ஹெதர் எபிரேயச் சொல். நேர்ப்பொருள் ‘அறை’. வழக்கில் அது குறிப்பது வேறு: யூத வீட்டுப் பிள்ளைகள் எழுத்தும் வழிபாடும் வேதமும் கற்கப் போகும் சிறு பள்ளி. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கதை எதைத் தமிழாக்கம் செய்தாலும் இந்தச் சொல் சீக்கிரமே வந்து நிற்கும். ‘மதரஸா’ என்றோ ‘ஞாயிறு பள்ளி’ என்றோ எதையாவது போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அப்படிப் போடும் ஒவ்வொரு சொல்லும் வாசகர் மனத்தில் வேறொரு கூடத்தின் படத்தைக் கொண்டுவந்து வைக்கும். சொல்லின் கதையைத் தெரிந்துகொண்டால் பொருத்தமான தமிழ்ச் சொல் தானே கிடைக்கும்.

முதலில் எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துச் ‘செடர்’ என்று படித்துவிடக் கூடாது. முதலெழுத்து தொண்டையிலிருந்து உரசி வரும் ஹகரம். நடுவில் வருவது நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலி. அதனால் ‘ஹெடர்’ என்பதைவிட ‘ஹெதர்’ மூலத்துக்கு நெருக்கம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ் பேசுபவர்கள் ‘ஹெய்தர்’ என்று இழுத்துச் சொல்வார்கள். ‘செடர்’ என்று எழுதினால் இன்னொரு குழப்பமும் உண்டு. பாஸ்கா இரவில் வீட்டில் நடக்கும் விருந்துச் சடங்குக்கு அதே போன்ற பெயர். ‘ஒழுங்கு, வரிசை’ என்று பொருள்படும் முற்றிலும் வேறான சொல் அது.

வேதாகமத்தில் ஹெதர் வெறும் அறைதான். சகோதரனைக் கண்டதும் அழுகையை அடக்க முடியாமல் யோசேப்பு ஓடிப்போய் நுழைவது ஒரு ஹெதருக்குள். உன்னதப்பாட்டில் ராஜா தன் காதலியை அழைத்துச் செல்வதும் ஹெதருக்குள்தான். உள்ளே, மறைவாக, கதவு சாத்திக்கொள்ளும்படி இருக்கும் இடம் என்ற சாயல் இந்தச் சொல்லில் உண்டு. இன்றைய எபிரேயத்திலும் படுக்கையறை, சாப்பாட்டு அறை எல்லாம் ஹெதரை வைத்தே உருவான சொற்கள்.

இது பள்ளிக்குப் பெயரான காரணம் எளிது. போலந்திலும் லித்துவேனியாவிலும் உக்ரைனிலும் இருந்த யூதக் குடியிருப்புகளில் பையன்களுக்கு ஆரம்பப் பாடம் சொல்லித்தர, பெரும்பாலும், தனிக் கட்டடம் கிடையாது. மெலமெத் என்ற ஆசிரியர் தன் வீட்டிலேயே ஓர் அறையில் பாடம் நடத்துவார். பல வீடுகளில் இருந்ததே அந்த ஒரு அறைதான். ஒரு மூலையில் ஆசிரியரின் மனைவி சமைத்துக்கொண்டிருப்பார், இன்னொரு பக்கம் தொட்டிலில் குழந்தை அழும், நடுவில் நீண்ட மேசையைச் சுற்றிப் பையன்கள் உட்கார்ந்து ஒரே குரலில் கத்திப் படிப்பார்கள். ‘அறைக்குப் போகிறான்’ என்றாலே ‘படிக்கப் போகிறான்’ என்று ஊருக்கே புரிந்தது.

பையனை மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அங்கே சேர்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வருவதற்கென்றே பெல்ஃபர் என்று ஓர் உதவியாள் இருப்பான். எழுத்தைத் தொடங்கும் நாளில் பலகையில் உள்ள எழுத்துகளின்மேல் தேன் தடவி, பிள்ளையை நக்கச் சொல்லும் வழக்கம் ஐரோப்பிய யூதர்களிடையே இடைக்காலத்திலேயே இருந்தது. முதலில் எழுத்தும் உயிர்க்குறியும் சேர்த்துப் படிக்கும் பயிற்சி: ‘கோமெத்ஸ் ஆலெஃப் ஓ, கோமெத்ஸ் பேய்ஸ் போ’ என்று ராகம் போட்டு மணிக்கணக்கில் (கோமெத்ஸ் உயிர்க்குறி; ஆலெஃப், பேய்ஸ் எழுத்துகள்). அப்புறம் வழிபாட்டு நூல். அப்புறம் ஹுமாஷ், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள்.

ஐந்தில் எதை முதலில் எடுப்பார்கள் என்று கேட்டால் பலரும் ஆதியாகமம் என்றுதான் நினைப்பார்கள். உலகம் படைக்கப்பட்ட கதை, வெள்ளம், ஆபிரகாம். பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஹெதரில் முதலில் எடுத்தது பலி முறைகளைச் சொல்லும் லேவியராகமம். பலிகளும் தூயவை, பிள்ளைகளும் தூயவர்கள்; தூயவர்கள் வந்து தூயவற்றில் ஈடுபடட்டும் என்று பழைய விளக்கவுரை ஒன்று இதற்குக் காரணம் சொல்கிறது. அந்த நூலின் முதல் சொல் ‘வயிக்ரா’. ஆசிரியர் அதைச் சொல்வார், பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். உடனே அதன் இத்திஷ் பொருளான ‘அவர் அழைத்தார்’ என்பதையும் அதே ராகத்தில் சொல்வார்கள். இப்படி ஒரு சொல் மூலம், ஒரு சொல் பொருள் என்று முழு அதிகாரமும் நகரும். கெட்டிக்காரப் பையன்கள் எட்டு, ஒன்பது வயதிலேயே தல்மூத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்புக்குப் போய்விடுவார்கள். ஆண்டு இரண்டு பருவமாகப் பிரிந்தது: பாஸ்காவுக்குப் பின் ஒன்று, கூடாரப் பண்டிகைக்குப் பின் ஒன்று. குளிர்கால மாலையில் பாடம் முடிந்து கையில் விளக்கோடு வீட்டுக்குத் திரும்பும் பையன்கள் அந்த ஊர்களின் வழக்கமான காட்சி.

மெலமெத் என்ற சொல்லுக்கும் தல்மூத் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: ல-ம-த, ‘கற்றல்’ என்று பொருள். மாணவன் ‘தல்மித்’. பெயர்தான் உயர்ந்ததே தவிர, மெலமெத்தின் நிலை பரிதாபமானது. வேறு பிழைப்பு அமையாதவர்கள் பலர் இந்த வேலைக்கு வந்தார்கள். பெற்றோர் தரும் அற்பக் கூலிதான் வருமானம். கான்ச்சிக் என்ற தோல்வார்ச் சாட்டை பல ஹெதர்களில் சுவரில் தொங்கியது, அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். இத்தனைக்கும் தல்மூத்தே, பிள்ளையை அடித்தே தீர வேண்டும் என்றால் செருப்பு வாரால் மட்டும் அடி என்று ஆசிரியரிடம் சொல்கிறது. அந்த வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த கைகளே சாட்டையையும் எடுத்தன என்பதை மறைத்து ஹெதரை ஓர் இனிய நினைவாக மட்டும் எழுதுவது சரியில்லை.

ஹெதர் என்ற பெயர் பிந்தியது. பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி என்ற எண்ணம் யூதர்களிடம் மிகப் பழையது. தொடக்கத்தில் தந்தைதான் மகனுக்குக் கற்பித்தார். தந்தை இல்லாத பிள்ளைக்குக் கல்வி இல்லை. பிறகு எருசலேமில் ஆசிரியர்களை நியமித்தார்கள். அங்கேயும் தந்தை இருந்தவனைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு வட்டாரத்துக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்து, பதினாறு, பதினேழு வயதில் சேர்த்தார்கள்; ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன் முறைத்துக்கொண்டு வெளியேறிவிட்டான். கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு வந்து, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர்களை நியமித்து, ஆறு, ஏழு வயதிலேயே சேர்க்க வேண்டும் என்று விதித்தார். எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அவர். ‘அவர் இல்லையென்றால் இஸ்ரவேலில் தோரா (யூதர்களின் வேதம்) மறக்கப்பட்டிருக்கும்’ என்கிறது தல்மூத். அதே பக்கத்தில் வகுப்பின் அளவும் இருக்கிறது: 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் உதவியாளர் ஒருவர் வேண்டும், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். இன்றும் பல ஊர்ப் பள்ளிகள் எட்டாத கணக்கு இது.

அந்தப் பழைய நூல்களில் ஆரம்பப் பள்ளிக்குப் பெயர் ‘பேத் சேஃபர்’, நூலின் இல்லம். மேற்படிப்புக்குரியது ‘பேத் மித்ராஷ்’, ஆய்வின் இல்லம். ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் ஊர்ப்பொதுப் பணத்தில் நடந்த பள்ளி ‘தல்மூத் தோரா’, தோராவைக் கற்றல். ஹெதருக்குப் பெற்றோர் காசு கொடுத்தார்கள், தல்மூத் தோராவுக்கு ஊர் கொடுத்தது. இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் அடிக்கடி தொலைந்துபோகிறது.

இனிச் சுவையான ஒரு சங்கதி. யூதர்கள் கூடித் தொழும் இடத்துக்கு எபிரேயத்தில் ‘பேத் க்னெசெத்’, கூடும் இல்லம். அதன் கிரேக்க வடிவம்தான் சினகாக். ஆனால் இத்திஷ் பேசியவர்கள் அதை ‘ஷூல்’ என்றார்கள். ஜெர்மன் மொழியில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல்லின் உறவு அது. வெனிஸ் நகரத்து யூதத் தொழுகைக்கூடங்களுக்கும் ‘ஸ்கோலா’ என்றுதான் பெயர். அவற்றில் பழையது 1528-இல் கட்டியது. ஆக, தொழும் இடத்துக்குப் பள்ளி என்று பெயர், பள்ளிக்கு அறை என்று பெயர். தமிழருக்கு இது விநோதமாகப் படத் தேவையில்லை. நம் ‘பள்ளி’யும் இதே வழியில் நடந்த சொல். சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி, அவர்கள் கற்பித்ததால் கற்கும் இடமும் பள்ளி, முஸ்லிம்கள் தொழுமிடம் பள்ளிவாசல். கொச்சி யூதர்களின் தொழுகைக்கூடங்களை மலையாளத்தில் ஜூதப்பள்ளி என்றே சொல்கிறார்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசிப் பள்ளி இன்றும் நிற்கிறது. சினகாக்குக்குப் பழைய தமிழ் வேதாகமம் ‘ஜெப ஆலயம்’ என்று எழுதியது. ஆலயம் என்ற சொல்லை எருசலேமில் இருந்த ஒரே ஆலயத்துக்கு ஒதுக்கி வைப்பதே நல்லது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் வரும் ‘தொழுகைக்கூடம்’ எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, ஹெதருக்கு என்ன சொல்வது?

திண்ணைப் பள்ளி என்று சொல்லிப் பார்க்கத் தோன்றும். ஆசிரியர் வீடு, சத்தம் போட்டு மனப்பாடம், பிரம்பு, பெற்றோர் கொடுக்கும் கூலி, இடத்தின் பெயரே பள்ளிக்குப் பெயராவது எல்லாம் பொருந்துகிறது. ஆனால் திண்ணையில் எண்ணும் கணக்கும் நிகண்டும் படித்தார்கள். உலக வாழ்வுக்கான படிப்பும் அதில் இருந்தது. ஹெதரின் உயிரே வேதம்தான். குருகுலம் என்றால் பிள்ளை ஆசிரியர் வீட்டில் தங்கிவிடுகிறான். ஹெதர்ப் பையன் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவான். மதரஸா ஒரு மதத்தின் பெயராகவே காதில் விழும். ஞாயிறு பள்ளி என்றால் தேவாலயம் கண்முன் வரும்.

என் தேர்வு ‘ஓதும் பள்ளி’. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பிள்ளை ‘ஓதப் போயிருக்கிறான்’ என்பது அன்றாடப் பேச்சு. சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்று தொல்காப்பியம் சொல்லும்போது, ஓதல் என்பது கல்விக்காகத் தலைவன் பிரிந்து போவது. வாய்விட்டுச் சொல்வது, மறை கற்பது, பொதுவாகவே கற்பது என மூன்று பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமாகாத சொல்லும்கூட. ஹெதரில் நடந்ததும் இந்த ஓதல்தான். முதல் முறை ‘ஹெதர் எனும் ஓதும் பள்ளி’ என்று எழுதிவிட்டு, அப்புறம் ஹெதர் என்றே தொடரலாம். மெலமெத்தை ‘ஓதுவிப்பவர்’ என்று சொன்னால் கனமாக இருக்கும்; ‘ஹெதர் ஆசான்’ போதும்.

ஆனால் இன்றைய எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி 1838-இல் ஃபிலடெல்பியாவில் யூதப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். ஆண், பெண் இரு பாலருக்கும், பெண்களே ஆசிரியர்களாக, ஆங்கிலத்தில் பாடம். கிழக்கு ஐரோப்பிய ஹெதரில் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இல்லை என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். ஞாயிறு யூதர்களுக்குப் புனித நாள் அல்ல. அன்று பொதுப்பள்ளிக்கு விடுமுறை, அவ்வளவுதான். சனிக்கிழமை ஓய்வுநாளில் மரபைக் கடைப்பிடிப்பவர்கள் எழுதக்கூட மாட்டார்கள், அதனால் எழுத்துப் பாடத்துக்கு அந்த நாள் உதவாது. அமெரிக்காவில் இன்று தொழுகைக்கூடங்கள் பல ஞாயிறு காலையிலும் வார நாள் மாலையிலும் நடத்தும் வகுப்புகள் இந்த மரபில் வந்தவை. எபிரேய எழுத்து, வழிபாடு, பண்டிகை, அறநெறி என்று பாடம் இருக்கும். பிள்ளையின் முக்கியப் படிப்பு வேறு பள்ளியில் நடக்கும். இவற்றைத் ‘தொழுகைக்கூடச் சமய வகுப்பு’ என்று எழுதினால் போதும். ‘மறைக்கல்வி’ அழகான சொல்தான், ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரிடம் அதற்கு ஏற்கெனவே உறுதியான பொருள் இருக்கிறது.

சிக்கல் பிரிட்டனில். அங்கே தொழுகைக்கூடத்தின் ஞாயிறு காலை வகுப்பையே ஹெதர் என்கிறார்கள். லண்டன்காரர் ஒருவர் ‘சின்ன வயதில் ஹெதருக்குப் போனேன்’ என்றால் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் என்று பொருள். இஸ்ரவேலில் தீவிர மரபுவழி யூதர் ஒருவர் அதையே சொன்னால் தினமும் முழுநாள் என்று பொருள். யார், எங்கே சொல்கிறார் என்று பார்க்காமல் மொழிபெயர்க்க முடியாத சொல் இது.

வளர்ந்த பிள்ளைகள் தொடர்பான சொற்களிலும் கவனம் வேண்டும். பதின்மூன்று வயதில் பையன் ‘பார் மிட்ஸ்வா’ ஆகிறான். ‘பார்’ அரமேயத்தில் மகன். ஆனால் இங்கே ‘உரியவன், கட்டுப்பட்டவன்’ என்ற பொருளில் வருகிறது. கட்டளைக்கு உரியவன். பெண் பிள்ளை பன்னிரண்டு வயதில் ‘பாத் மிட்ஸ்வா’. அமெரிக்காவில் அதைத் தொழுகைக்கூடத்தில் விழாவாகக் கொண்டாடும் வழக்கம் 1922-இல் நியூயார்க்கில் ரப்பி (யூதச் சமய ஆசான்) மொர்தெகாய் கப்லான் தன் மகள் ஜூடித்துக்கு நடத்தியதிலிருந்து வேர்விட்டது. இதை ‘யூத உபநயனம்’ என்று எழுதுவது தவறு. விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் வயது வந்த அன்றே பிள்ளை கட்டளைகளுக்கு உரியவராகிவிடுகிறார். தீட்சை எதுவும் தருவதில்லை.

அதற்குப் பிறகும் படிப்பைத் தொடரும் பதின்வயதினருக்குச் சீர்திருத்த யூதத் தொழுகைக்கூடங்களில் ‘கன்ஃபர்மேஷன்’ என்ற விழா உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிறந்த வழக்கம். பதினைந்து, பதினாறு வயதில், தோரா அருளப்பட்ட நாளாகக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகையை ஒட்டி நடக்கும். கத்தோலிக்கரின் ‘உறுதிப்பூசுதல்’ இங்கே உதவாது, ஏனென்றால் எண்ணெய் பூசுவதே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் ‘திடப்படுத்தல்’ என்ற சொல்லும் வேறு சடங்கைச் சுட்டும். ‘உறுதியேற்பு விழா’ என்று எழுதலாம்.