'இலவச அணுகல்' என்று எழுதாதீர்கள்

ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 'ஓப்பன் ஆக்சஸ்' ஆய்விதழ், அதாவது கட்டுரைகளை யாரும் இணையத்தில் படிக்கும்படி திறந்துவைக்கும் இதழ், என்பதற்கு 'இலவச அணுகல் இதழ்' என்று போட்டிருந்தது. நாலு வரி தள்ளி, அதே இதழில் கட்டுரை வெளியிட எழுதியவர் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் இருந்தது. இலவசத்துக்கு ஏது ஐயா கட்டணம்? இப்படிப் பார்ப்பது இது எத்தனையாவது முறையோ.

வேர் எளிது. 'ஆக்சஸ்' லத்தீனில் கிட்டே போவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நம் 'அணுகு' அதேதான். 'ஓப்பன்' திறந்த. ஆய்வுக் கட்டுரைகளை எல்லாருக்கும் திறந்துவைக்கக் கோரி 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இந்தத் தொடரை நிலைநிறுத்தியது. காசில்லாமல் படிப்பதோடு அது நிற்கவில்லை; நகலெடுக்கவும் பரப்பவும் கணினியால் அலசவும் உரிமை கேட்டது. 'இலவசம்' என்றதும் இதெல்லாம் உதிர்ந்துபோய்ப் பணம் மட்டும் மிஞ்சுகிறது.

அந்தப் பணக் கணக்காவது சரியா? அதுவும் இல்லை. பல இதழ்களில் செலவு வாசகர் தலையிலிருந்து எழுதியவர் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 2021-இல் 'நேச்சர்' அறிவியல் இதழ் இவ்வழியில் ஒரு கட்டுரைக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. பணக்காரப் பல்கலைக்கழகம் அதைக் கட்டிவிடும். மிக ஏழை நாட்டவருக்குப் பல பதிப்பகங்கள் விலக்கு தருகின்றன. நடுத்தர வருமான நாட்டு ஆய்வாளருக்குப் பெரும்பாலும் அரைகுறைத் தள்ளுபடிதான், சிலருக்கு அதுவும் இல்லை; பணம் கட்ட முடியாமல் தவிக்கிறார். முன்பு படிக்க முடியாதவர், இப்போது படிக்கலாம், எழுத முடியாது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் 'இலவசம்' மூடி மறைக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் பல இதழ்களின் செலவைப் பல்கலைக்கழகங்களே ஏற்கின்றன, இரு பக்கமும் கட்டணமில்லை. அவற்றை வேண்டுமானால் இலவசம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

'கட்டற்ற அணுக்கம்' என்பாரும் உண்டு. 'கட்டற்ற மென்பொருள்' வழியில் வந்தது, பொருளும் பிசகில்லை. ஆனால் அவசரத்தில் படிப்பவர் கண்ணில் அது 'கட்டணமற்ற' என்றே விழுகிறது. சுற்றிச் சுற்றி அதே குழிக்குள்!

ஆகவே 'திறந்த அணுக்கம்'. கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். கதவுக்கு யார் பணம் கட்டினார் என்பதில் பொய் சொல்லாது. 'திறந்த மூலம்', 'திறந்த தரவு' என்று ஏற்கெனவே எழுதுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் கை இலவசத்துக்குப் போகிறது?

அப்புறம், அணுகலா அணுக்கமா? அணுகல் ஒருவர் செய்யும் செயல். அணுக்கம் கிட்டே இருக்கும் நிலை. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும், 'திறந்த அணுகல்' என்று எழுதினாலும் சண்டைக்கு வர மாட்டேன்.